எள்ளுக்கு எந்தத் தட்டு

அறிவை வகை பிரித்து அடுக்குகிற தொழிலில் இருந்த எவருக்கும் ஒன்று தெரிந்திருக்கும்: அடுக்கியவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தப் பொருள் வேறு எங்கேயோதான் இருக்க வேண்டும். நூலகத்திலோ, மருந்துக் கடையிலோ, பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலோ அலுமாரிச் சாவி வைத்திருந்தவர்கள் இதை வாசித்தால் பேசாமல் தலையை ஆட்டுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. முள்ளியவளையில் கமக்காரர் சங்கத்து நெற்களஞ்சியத்தோடு ஒட்டினாற்போல ஓர் அறை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பிறகு இன்னும் தள்ளிப் போனவர்கள், தூக்கமுடியாத புத்தகப் பெட்டிகளை அங்கே விட்டுச் சென்றிருந்தார்கள். கவிதை, கதையெல்லாம் எப்படியோ ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது முழுக்க அறிவியல்: பயிர், பூச்சி, மண், கால்நடை, பாம்பு, வைத்தியம், வானம். விவசாயத் துண்டுப்பிரசுரங்கள் வேறு சாக்குச் சாக்காகக் கிடந்தன. இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஓர் ஆள் வேண்டும் என்று சங்கம் தேடியது. நான் அதுவரை கூட்டுறவுக் கடையொன்றில் எழுத்து வேலை பார்த்தவன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். மனைவி தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்தால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. அறையில் இருந்தால் யாராவது வந்து எதையாவது கேட்பார்கள். அதனால் சம்மதித்தேன்.

சங்கத் தலைவர் கனகசபை நல்ல மனுசர். ஆனால் அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. களஞ்சியத்துக் கூரை ஒரு பக்கம் ஒழுகும். திருத்தச் சீமெந்து வராது. மாரி தொடங்குமுன் விதைநெல்லுக்கு நனையாத இடம் வேண்டும். நனையாத இடம் என்னுடைய அறைதான். வேலையில் சேர்ந்த அன்றே, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "தம்பி ராசதுரை, ஆவணிக் கூட்டம் மட்டும் பாப்பம். சனத்துக்குப் பிரயோசனம் எண்டால் இருக்கட்டும். இல்லாட்டி அறை எனக்கு வேணும்."

தேன்பூச்சியின் நாலு வீடு

வகை பிரிக்கிற வித்தையை எனக்குச் சொல்லித்தந்தது மட்டை போன ஒரு பழைய புத்தகம். உலக அறிவை எல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தையும் மறுபடி பத்தாகப் பிரித்து, எண் போட்டுக்கொண்டே போகும் முறை அது. அறுநூறுகளின் நடுப்பகுதிக்கு மேல் கறையான் தின்றிருந்தது. ஆகவே என்னைப் பொறுத்தவரை மனித அறிவு வேளாண்மையோடு முடிந்துவிட்டது. அதைப் பெரிய குறையாக அங்கே எவரும் சொன்னதில்லை.

முதலில் வந்தவர் மாணிக்கம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, எங்கள் குளத்தின் கடைசி வாய்க்காலில் காணி வெட்டிக் குடியேறியவர். தண்ணீர் அவர்கள் பக்கம் போய்ச் சேருவது அருமை என்பதால் எள்ளும் கௌபிப் பயறும் விதைப்பார். "ஐயா, தேன்பூச்சி வளக்கிறத பத்தி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். என் முதல் வாசகர். நான் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு, உற்சாகமாக விளக்கினேன். தேனீ ஓர் உயிரி என்றால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்தில், பூச்சிகளோடு இருக்கும். அதை வளர்ப்பது தொழில் என்றால் அறுநூற்று முப்பத்தெட்டு. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோவது தாவரவியல், அது அடுத்த அலுமாரி. கொட்டிவிட்டால் வைத்தியம், அது சன்னலோரம்.

அவர் மரியாதையாக எழுந்து நான் காட்டிய நாலு இடத்துக்கும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்காராமலே கேட்டார்: "எங்க கொல்லையில ஒரே கூடுதாங்க இருக்கு. அந்தப் பூச்சி இந்த நாலு எடத்துக்கும் போயி வருமுங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால்

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதி, எண் வரிசைப்படி பெட்டியில் அடுக்கவேண்டும். அட்டைக்கு எங்கே போவது? பிள்ளைகளுக்கு எழுத ஒற்றைத் தாள் கிடைக்காத காலம். கடைசியில் வழி கிடைத்தது. எந்த வீட்டிலும் பழைய கலியாண அழைப்பிதழ்கள் ஒரு கட்டு இருக்கும். தடித்த அட்டை, பின்பக்கம் வெறுமை. ஊரெல்லாம் கேட்டு வாங்கி, அளவாக வெட்டிப் பின்பக்கத்தில் எழுதினேன். பாம்புகளுக்கு மட்டும் யாருடைய அழைப்பிதழையும் பாவிக்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்த பெட்டியைத் திறந்து, என்னுடைய கலியாண அழைப்பிதழில் மிஞ்சியிருந்தவற்றை எடுத்துவந்தேன். மனைவி இருந்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்திருப்பாள்.

சரசக்கா கோழி வளர்ப்பவா. கோழி தூங்கி விழுகிறது என்று வந்தவா, பெட்டியில் அட்டைகளைத் தள்ளிக்கொண்டு போனவா, ஓரிடத்தில் நின்றுவிட்டா. "தம்பி, இது என்ரை மூத்தவளின்ரை கலியாணக் காட் எல்லோ?" "ஓம் அக்கா. எங்களுக்குப் பின்பக்கம்தான் வேணும்." அவா அட்டையைத் திருப்பினா. அது அறக்கொட்டிப் பூச்சியின் அட்டை. நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற சின்னப் பூச்சி அது, வந்தால் வயலையே நெருப்பு வைத்ததுபோல் ஆக்கிவிடும். "முன்பக்கத்திலை மருமோன்ரை பேர். பின்பக்கத்திலை 'கூட்டமாக வந்து முற்றாக அழிக்கும்' எண்டு எழுதி வைச்சிருக்கிறீர்." "அது பூச்சியைப் பற்றி அக்கா." அவா அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் செருகிவிட்டு, கோழிப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு போனா.

அடுத்த கிழமை அறக்கொட்டியைத் தேடி ஒருவர் வந்தபோது அட்டை இல்லை. அலுமாரி முழுக்கத் தேடினேன். பிறகு வேறெதையோ தேடும்போது, மாதுளைக்கும் மாம்பழத்துக்கும் நடுவில் அது இருந்தது. சரசக்காவைக் கோயில் வீதியில் கண்டு கேட்டேன். அவா சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னா: "மாப்பிள்ளை வீட்டார் ஒருநாளைக்கு வந்து பாத்தால், பழத்துக்குள்ளை இருக்கிறது மரியாதை தானே, தம்பி."

பெயர் தெரிந்தால்

பயிர் நோய்களை நான் மிகச் சிரத்தையாகப் பிரித்து வைத்திருந்தேன். பூஞ்சணத்தால் வருவது ஒரு பிரிவு. பற்றீரியாவால் வருவது ஒரு பிரிவு. வைரசு ஒரு பிரிவு. மண்ணில் சத்துக் குறைவால் வருவது கடைசிப் பிரிவு. ஒவ்வொன்றுக்குள்ளும் நோய்களின் பெயர்கள், அகர வரிசையில். பார்க்க அழகாக இருக்கும். நான் சும்மா இருக்கும்போதும் அந்த லாச்சியை இழுத்துப் பார்ப்பேன்.

குணரத்தினம் குளத்து மதகான துருசுக்குக் கிட்ட, தண்ணீர் முதலில் வந்து விழுகிற இடத்தில், வயல் செய்பவர். பெரிய கமக்காரர். ஒருநாள் மத்தியானம், வீதியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். சேட்டுப் பைக்குள்ளிருந்து மடித்த ஒரு நெல்லிலையை எடுத்து மேசையில் வைத்தார். "இது வேறை ஒருத்தற்றை வயல்" என்றார், நான் கேட்காமலே. நான் லாச்சியை இழுத்து வைத்துக்கொண்டு, "இது பூஞ்சணமோ, பற்றீரியாவோ?" என்று கேட்டேன். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "சரி, நோயின்ரை பேரைச் சொல்லுங்கோ, அகர வரிசையிலை பாப்பம்" என்றேன். இலையை மெதுவாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். "பேர் தெரிஞ்சால் நான் ஏன் உங்களிட்டை வாறன்?"

இரண்டு அட்டைகளுக்கு நடுவில்

அன்றிலிருந்து இரண்டாவதாக ஒரு பெட்டி தொடங்கினேன். இதில் விஞ்ஞானம் வைத்த பெயர்கள் இல்லை, கண்ணுக்குத் தெரிவதுதான் தலைப்பு. 'இலை – நுனி மஞ்சள்.' 'குருத்து – இழுத்தால் கையோடு வரும்.' 'மாடு – அசைபோடாமல் நிற்கும்.' 'கோழி – தூங்கி விழும்.' ஒவ்வொன்றிலும் எந்தப் பிரசுரத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி. ஆட்கள் என்னைக் கேட்காமல் தாங்களே தேடத் தொடங்கினார்கள். அறையில் ஆள் நடமாட்டம் கூடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

இளைப்பாறிய தபாலதிபர் நல்லதம்பி வீட்டு வளவில் மிளகாய் வைத்திருந்தார். இலை சுருளுகிறது என்று காலையில் வந்தார். நான் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தால், மனுசர் இன்னும் பெட்டியடியில் நிற்கிறார். ஓர் அட்டையைப் பார்க்கிறார், மற்ற லாச்சிக்குப் போகிறார், அங்கே ஓர் அட்டையைப் பார்க்கிறார், திரும்பி வருகிறார். எழுந்து போய்ப் பார்த்தேன். 'மிளகாய் – இலை சுருளல்: வெள்ளை ஈ பார்க்க' என்று ஓர் அட்டை. 'வெள்ளை ஈ: மிளகாய் – இலை சுருளல் பார்க்க' என்று மற்றது. இரண்டும் என் கையெழுத்து. பிரசுரம் எங்கே என்று இரண்டிலும் இல்லை.

"அப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே ஐயா" என்றேன், வெட்கத்தோடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தபால்கந்தோரிலை இப்பிடி ஒரு கடிதம் அங்கையும் இஞ்சையும் அலைஞ்சால், கடைசியிலை அனுப்பின ஆளுக்கே திருப்பி அனுப்பிப்போடுவம். இஞ்சை அனுப்பின ஆள் ஆர் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

செதில் எண்ணுதல்

பாம்பு இனங்காணும் புத்தகம் ஒன்று இருந்தது. படிப்படியாகக் கேள்வி கேட்கும். உடல் இப்படியா, அப்படியா? இப்படி என்றால் இரண்டாம் கேள்விக்குப் போ, அப்படி என்றால் ஏழாம் கேள்விக்குப் போ. இரண்டு வழியில் ஒன்றைத் தெரிந்து தெரிந்து போனால் கடைசியில் பாம்பின் பெயர் வரும். வகைப்பாட்டு வித்தையிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். எவரும் பிழைவிட முடியாது என்று பலருக்கும் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டவர்களில் ஒருவர் சைக்கிள் கடைத் தவம்.

அவருடைய கோழிக்கூட்டில் ஒரு பாம்பு வந்து குடியிருந்தது. நஞ்சில்லாதது என்றால் எலி பிடிக்க இருக்கட்டும், நஞ்சென்றால் காட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவு. அதை ஒரு மண்முட்டிக்குள் விட்டு, வாயைச் சேலைத்துண்டால் கட்டி, சைக்கிள் கரியலில் வைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்று வாசித்தேன். "உடல் உருளையா, தட்டையா?" தவம் துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். "உருளை." "தலை கழுத்தை விட அகலமா?" "அகலம். இப்ப என்னைத்தான் பாக்குது." "சரி, நாலாம் கேள்வி. உடலின் நடுப்பகுதியில் குறுக்காகச் செதில் வரிசைகளை எண்ணுக."

துணி உடனே மூடப்பட்டது. "புத்தகத்திலை அப்பிடித்தான் போட்டிருக்கு" என்றேன். தவம் வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீங்கள் எண்ணுங்கோ ஐயா. நான் வெளியிலை நிண்டு கணக்கை எழுதுறன்."

முதலாவது பிரிவு

முட்டி அன்று பின்னேரமே காட்டோரம் போய்ச் சேர்ந்தது. நாலாம் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

பெட்டிகளில் எனக்கு மிகுந்த மனவருத்தம் தந்தவை உரப் பிரசுரங்கள். நல்ல தாள், வண்ணப் படம். ஆனால் எந்த நோய்க்கும் எந்தப் பயிருக்கும் கடைசி வரி ஒன்றுதான்: யூரியா இடுக, மருந்து விசிறுக. போர்த் தடையால் வவுனியாவுக்கு வடக்கே யூரியா வர அனுமதி இல்லை. மருந்து விசிறும் இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லை. நீர் இறைக்கும் இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டக் கற்றுக்கொண்ட சனம், பிரசுரத்தில் சொல்லியிருப்பதைக் கதை வாசிப்பதுபோல வாசித்துவிட்டுத் திருப்பி வைக்கும். குணரத்தினம் ஒருநாள் அப்படி ஒன்றை முழுவதும் வாசித்து முடித்து, நல்ல கற்பனை என்றார்.

பிறகு என் சுவரில் ஒட்டியிருந்த வகைப்பாட்டுப் படத்தின் முன் போய் நின்றார். உயிருள்ளவை, உயிரற்றவை என்று மேலே இரண்டாகப் பிரிந்து, கீழே கீழே கிளைவிட்டுப் போகும் படம். அவர் சொன்ன யோசனையை நான் பின்னர் ஒரு மழைநாளில் செய்தும் பார்த்தேன். ஒரு தட்டு நிறையவில்லை, மற்றது மூன்று தட்டில் அடங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "உயிர் உள்ளது, இல்லாதது எண்டு முதல் பிரிச்சது பிழை. வவுனியாவாலை வர விடுறது, விடாதது எண்டு முதல் பிரியுங்கோ. எங்களுக்குத் தேடுற வேலை அரைவாசி குறையும்."

உப்பு

தொழில் வீட்டுக்கும் வரும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். என் மனைவி குசினித் தட்டில் டின்களை அடுக்கி வைத்திருந்த ஒழுங்கு எனக்கு ஒருநாளும் விளங்கவில்லை. பால்மா டின்னில் மிளகாய்த்தூள் இருக்கும், பிஸ்கட் டின்னில் பருப்பு இருக்கும். அவள் திரும்பிப் பாராமலே கையை நீட்டி எடுப்பாள். அவள் போனபிறகு ஒரு வருடம் தேநீருக்குள் பலதும் போட்டுக் குடித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டின்களுக்கும் சிட்டை ஒட்டி, தாவரப் பொருள், விலங்குப் பொருள், கனிப்பொருள் என்று மூன்றாகப் பிரித்து அடுக்கினேன். தூளுக்கும் பருப்புக்கும் உட்பிரிவு போட்டேன்.

பக்கத்து வீட்டுப் பூமணி ஒரு பிடி உப்புக் கேட்டு வந்தாள். நான் விறாந்தையில் இருந்தபடி, "கனிப்பொருளுக்குள்ளை பாருங்கோ பிள்ளை" என்றேன். உள்ளே டின்கள் ஒவ்வொன்றாகத் திறபடும் சத்தம் கேட்டது. பிறகு வெறுங்கையோடு வெளியே வந்து, என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இண்டைக்கு நீங்கள் எங்கடை வீட்டிலை சாப்பிடுங்கோ ஐயா. எங்கடை உப்பு அடுப்படியிலைதான் கிடக்கு."

வாய்க்கால்

ஆவணி நெருங்கியது. தலைவர் ஒருநாள் வந்து, சுற்றிப் பார்த்து, "சனம் வருது போலைதான் கிடக்கு, ஆனால் கூட்டத்திலை எழும்பிச் சொல்லவேணுமே" என்றார். விதைநெல் வைக்க எத்தனை சாக்கு கொள்ளும் என்று கண்ணால் அளந்துகொண்டும் போனார். அறை போனால் எனக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் சரசக்கா வந்து சண்டை பிடிக்கும் வேலையும், நல்லதம்பியர் வந்து கிண்டல் பண்ணும் வேலையும் வேறெங்கே கிடைக்கும்? நான் கொஞ்சம் பயந்துபோனேன். அடுத்த வெள்ளிக்கிழமை கமக்காரர் சிலரைக் கூப்பிட்டு, அலுமாரியின் ஒழுங்கை விளக்கப் பார்த்தேன். வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டார்கள்.

கடைசியில் குணரத்தினம்தான் நிமிர்ந்து இருந்தார். "நீங்கள் சொல்லுறது வாய்க்கால் எல்லோ?" என்றார். குளத்துத் துருசைத் திறந்தால் பெருவாய்க்கால். அதிலிருந்து கிளைவாய்க்கால். அதிலிருந்து வயல் வாய்க்கால். அதிலிருந்து ஒவ்வொருவருடைய வயல். எந்த வயலுக்கும் ஒரே வழிதான். கொட்டாவி விட்டவர்கள் எல்லோரும் விழித்தார்கள். அன்று பின்னேரமே அலுமாரிகளில் இருந்த பழைய பெயர்ப்பலகைகளைக் கழற்றிவிட்டு, வாசலடி அலுமாரிக்குத் துருசு என்றும், தட்டுகளுக்குப் பெருவாய்க்கால், கிளைவாய்க்கால் என்றும் எழுதி மாட்டினேன். பிறகு ஒருவருக்கும் ஒன்றும் விளக்கவேண்டி வரவில்லை. வந்தவர்கள் நேரே தங்கள் தட்டுக்குப் போனார்கள்.

இரண்டு கிழமை சந்தோசமாகப் போனது. பிறகு மாணிக்கம் வந்தார். முதல் அலுமாரியிலிருந்து நடந்து, ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போனார். நெல் வாசலடியில், கண்மட்டத்தில். எள் கடைசி அலுமாரியில், அடித்தட்டில், கதவு மறைக்கிற மூலையில். குனிந்து எள்ளுப் பிரசுரத்தை எடுத்தவர், நிமிராமலே கேட்டார்: "தண்ணியிலயும் நாங்க கடைசி. புத்தகத்துலயும் கடைசிங்களா?" இது எண் வரிசை, தானியம் முதலில், எண்ணெய் வித்து பிறகு, நான் வைத்ததில்லை, உலகம் பூராவும் இப்படித்தான் வைக்கிறார்கள் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பிரசுரத்தைத் தூசு தட்டி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "ஒலகம் பூராவும் அப்புடித்தாங்க. அது எங்களுக்கும் தெரியும்."

ஆவணிக் கூட்டம்

கூட்டம் களஞ்சியத்து முற்றத்தில் நடந்தது. நான் ஒரு பேச்சு எழுதிச் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பேச்சு. தலைவர் நீதியான மனுசர், என் விடயத்தைத்தான் முதலில் எடுத்தார். "இந்த அறையாலை ஆருக்கு என்ன பிரயோசனம் கிடைச்சது? கிடைச்ச ஆக்கள் எழும்பிச் சொல்லுங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை. நான் குணரத்தினத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் எழும்பினால் தன் வயலில் நோய் வந்தது என்று ஊருக்குச் சொல்லவேண்டும், பிறகு அவருடைய விதைநெல்லை யார் வாங்குவார்? சரசக்கா எழும்பினால், தூங்கி விழுந்தவை போக மிச்சக் கோழிகளை வாங்கிய ஆட்களில் நாலு பேர் அதே கூட்டத்தில் இருந்தார்கள். நல்லதம்பியரின் மிளகாய்க்கும் அதே கதி. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று பிழைத்துப்போய்த்தான் வந்தவர்கள். அதைச் சபையில் எழும்பிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பேச்சு பைக்குள்ளேயே இருந்தது. தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "சரி தம்பி, அப்ப என்ன செய்யிறது" என்று தொடங்கினார்.

அப்போது பின்வரிசையில் மாணிக்கம் எழும்பினார். "அறைய பத்தி இல்லீங்க தலைவரே. தட்ட பத்தி ஒரு வார்த்தை." குளத்தில் தண்ணீர் குறைந்தால் தண்ணீர் முறை வைக்கிறோம். ஒரு தரம் துருசுப் பக்கத்திலிருந்து தொடங்கினால் மறுதரம் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். அலுமாரிக்கும் வாய்க்கால் என்றுதானே பலகை போட்டிருக்கிறது, அதற்கு மட்டும் ஏன் முறை இல்லை என்று கேட்டார். குணரத்தினம் கூரையிலிருந்து கண்ணை எடுத்தார். "நெல்லு முன்னுக்கு நிக்காமல் எள்ளோ நிக்கிறது? எள்ளைத் திண்டோ சீவிக்கிறம்?" "நாங்க அத வித்துத்தாங்க ஒங்க நெல்ல வாங்குறோம்" என்றார் மாணிக்கம். கடைசி வாய்க்கால் ஆட்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் எழும்பினார்கள். துருசுப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் குணரத்தினத்துக்குப் பின்னால். சரசக்கா இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எழும்பி, "அப்ப கோழிக்கு முறை இல்லையோ?" என்றா. யாரோ, "கோழிக்கு வாய்க்கால் தண்ணி என்னத்துக்கு?" என்றார். "உம்மடை வீட்டுக் கோழி தண்ணி குடிக்கிறேல்லைப் போலை" என்றா சரசக்கா.

தலைவருக்கு இந்தச் சண்டை நன்றாகப் பழகியது. எத்தனையோ வருடம் தண்ணீர் முறை தீர்த்துவைத்த மனுசர். யோசிக்காமலே கை பேனையை எடுத்துவிட்டது. இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்று பேரைக் கூப்பிட்டுக் கதைத்து, நல்லதம்பியரை நடுவில் வைத்து, வழக்கம்போல நேரம் எடுத்துத் தீர்ப்புச் சொன்னார். "மாரியிலை, காலபோகம், நெல்லு முன்தட்டு. கோடையிலை, சிறுபோகம், எள்ளு முன்தட்டு, நெல்லு கடைசிக்குப் போகும். கோழி நடுத்தட்டு, இரண்டு போகத்திலையும் அசையாது. ஒத்துக்கொள்ளுறியளோ?" இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டது. கூட்டக் குறிப்பில் எழுதினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பேனையை மூடிக்கொண்டு, "சரி, இனி அந்த அறையை விதைநெல்லுக்கு விடுற விசயத்துக்கு வருவம்" என்றார்.

சபை அவரைப் புதினமாகப் பார்த்தது. குணரத்தினமும்தான். மாணிக்கம் மறுபடி எழும்பினார், அவசரமில்லாமல். "அது எப்புடிங்க தலைவரே முடியும்? சிறுபோகம் முன்தட்டு எங்க மொறைன்னு இப்பத்தானே எழுதுனீங்க?"

அந்த மாரிக்கு விதைநெல் தலைவர் வீட்டு விறாந்தையில் கிடந்தது, நான் அறையில் இருந்தேன். உலக அறிவை ஒழுங்குபடுத்தும் முறையில் என்னைப் போன்ற ஒருவனுக்கு எண் ஏதும் கிடையாதென்றாலும், போகத்துக்குப் போகம் எள்ளையும் நெல்லையும் தூக்கி இடம் மாற்றி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.